ரேடியேட்டர்க் குழாயும் சிலிக்கோனும்

பெரியன பலவும் சிறியனவற்றைப் பற்றியே நிலைபெறுகின்றன என்பது உழுதொழில் செய்வார் யாவரும் அறிந்த உண்மை. மேட்டூரணை நிரம்பி வழியினும், வயலின் தலைப்பிலே ஒரு முழ வாய்க்கால் உடைந்து கிடக்குமாயின், பயிர் வாடுதல் ஒருதலை. மோட்டார் வண்டியின் நிலையும் அத்தகையதே. பல நூறு உறுப்புக்களால் இயன்ற எஞ்சினை, ஒரு முழ நீளமுமில்லாத ரப்பர்க் குழாயொன்று நடுச்சாலையில் நிறுத்திவிட வல்லது. அக்குழாயை ரப்பராகவே வைத்துக்கொள்ளுதல் நன்றோ, இக்காலத்து இளைஞர் பெரிதும் விரும்பும் நீலநிறச் சிலிக்கோன் குழாயாக மாற்றுதல் நன்றோ என்னும் வினா நன்னிலத்தில் வாழும் எமக்கு எழுந்தது. இது கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோவென்று சிலர் நகைத்தலுங் கூடும். கைப்பொருளும் உயிரும் ஒருங்கே சார்ந்து நிற்கும் பொருள் எதுவாயினும் ஆராயத்தக்கதே என்பது எம் கருத்து.

முதற்கண் அக்குழாய் செய்யும் தொழிலைக் காண்போம். எஞ்சினுள் எரிபொருள் எரிதலாற் பிறக்கும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. பெரும்பகுதி புகையோடும் குளிர்நீரோடும் வெளியேறல் வேண்டும். மேற்குழாய் வெந்நீரை ரேடியேட்டருக்குக் கொண்டு சேர்க்கும்; கீழ்க்குழாய் ஆறிய நீரை எஞ்சினுக்கு மீட்டுத் தரும். எஞ்சின் அதிர்வது, ரேடியேட்டரோ சட்டத்தில் நிலையாகப் பொருந்தியது. இவ்விரண்டையும் இணைப்பது வளைந்து கொடுக்கும் பொருளாதல் இன்றியமையாதது. 1901-ஆம் ஆண்டளவில் வில்லெம் மைபாக் என்னும் ஜெர்மானியர், சிறு குழாய்கள் பல்லாயிரத்தை நெருங்க அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை மெர்சிடிஸ் வண்டிக்கு அமைத்தார். எமதூர்ப் பெருங்கோயில் இறைவனுக்கு மதுவனேசுவரர் என்பது திருநாமம். தேன் மணக்கும் பெயரோடு தொடர்புடைய ஊரினர்க்குத் தேன்கூட்டு ரேடியேட்டர்பால் ஒரு பரிவு உண்டாதல் இயல்பன்றோ?

எமது வண்டி பதினைந்து ஆண்டு கண்டது. தெருவில் யாருக்கேனும் நள்ளிரவில் நோவு கண்டால், ஆம்புலன்சுக்குத் தொலைபேசியிற் சொல்லிவிட்டு, அது வருமுன் எம் வாயிற் கதவையும் தட்டிப் பார்ப்பது வழக்கம். சென்ற சித்திரையில் அயல்வீட்டுப் பாட்டியாரைக் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காகக் கும்பகோணம் அழைத்துச் சென்றோம். குடவாசலைக் கடந்து சிறிது தூரம் செல்லுமுன், மேற்குழாய் வெடித்து ஆவி புகையெனக் கிளம்பிற்று. மெக்கானிக் வந்து சேரும்வரை ஒரு நாழிகைக்கு மேலாகப் பாட்டியார் புளியமரத்தடியில் அமர்ந்திருந்தார். அவர் சினந்திலர், ஆயின் ஒன்று கேட்டார்: “ஏன் தம்பி, இதுவே ராத்திரியாக இருந்து, எனக்கு மூச்சும் முட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வாய்?” அவ்வினாவிற்கு அன்று எம்மிடம் விடையில்லை.

வீடு திரும்பியதும் எம் தமையனார் மகன், “சித்தப்பா, சிலிக்கோன் குழாய் போட்டுவிடுங்கள், ஆயுளுக்கும் கவலையில்லை” என்றான். மெக்கானிக்கோ, “ஐயா, கம்பெனி ரப்பரே போதும்; வீண் செலவு வேண்டாம்” என்றார். எமக்குச் சொல்லப்பட்ட சிலிக்கோன் விலை ரப்பர் விலையினும் நான்கு மடங்கு. இருவருள் யார் சொல் கொள்ளத்தக்கது என்று ஆராயத் தொடங்கினோம்.

சிலிக்கோன் என்பது சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியை முதுகெலும்பாகக் கொண்டது. காவிரி மணலிலும் அவ்விரு தனிமங்களே மிகுந்துள்ளன. இங்கிலாந்தில் கிப்பிங் என்னும் பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினப் பொருள்களை ஆராய்ந்து அவற்றிற்குப் பெயரும் இட்டார். 1940-இல் அமெரிக்காவில் ரோக்கோ என்பார் இவற்றை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார். இக்கால வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பராலாயவை. அவை 125 டிகிரி செல்சியஸ் வரை இடையறாது தாங்குவன. சிலிக்கோன் 170 டிகிரியையும் கடந்து தாங்கும். இவ்வளவில் சிலிக்கோனே மேம்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், எமது வண்டிக்கு அவ்வளவு தாங்கும் வன்மை வேண்டுமோ? தெர்மோஸ்டாட் என்னும் மதகு 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்துவிடுகின்றது. எஞ்சின் நலமாயிருக்குங்கால், கத்திரி வெயிலிலும் நீரின் வெப்பம் 110 டிகிரியைத் தாண்டுதல் அரிது. மேலும் எம் நாடு மலையோ மேடோ இல்லாத சமவெளி. முழங்காலளவு நீர் நிற்கும் வயலுக்குப் பனையுயரம் வரப்பெடுப்பார் உளரோ?

அங்ஙனமாயின் ரப்பர்க் குழாய் ஏன் வெடிக்கின்றது? இதுவே உண்மையான வினா. வெப்பம் மட்டுமே அதனைக் கொல்வதன்று. ரப்பரில் கலந்துள்ள கரித்தூள் மின்னோட்டத்திற்கு ஓரளவு இடந்தருவது. உலோக முனை, குளிர்நீர், குழாய் ஆகிய மூன்றும் கூடி ஒரு சிறு மின்கலம்போல் ஆகி, குழாயின் உட்புறத்தில், பெரும்பாலும் கிளிப் இறுக்கிய முனையருகே, கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புக்களை உண்டாக்குகின்றன. வெளியே கருமையும் பளபளப்பும் குன்றாதிருக்க, உள்ளே நலிவு வளர்கின்றது. ஆற்றுக்கரையிலும், கட்டடமும் மண்ணும் சந்திக்கும் மதகோரத்திலேயே நீர் கசிந்து உடைப்பெடுத்தலைக் காவிரி நாட்டார் நன்கறிவர். சிலிக்கோனுக்கு இம்மின்நோய் இல்லை. அதன் உண்மையான சிறப்பு வெப்பந் தாங்குதலினும் இதுவே என்று கொள்க.

இனி அதன் குறைகளையும் நடுநிலையோடு கூறுதல் கடன். எஞ்சின் எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் சிலிக்கோன் ஊதி நலியும். அது மென்மையுடையதாகலின், பல் வெட்டிய சாதாரணக் கிளிப் அதனை அறுத்துவிடும். உட்பட்டை வழவழப்பாயுள்ள தனிக் கிளிப்புக்கள் வேண்டும். நீராவி அதனூடே ரப்பரினும் மிகுதியாக நுண்ணிதின் வெளியேறுமாகலின், நீர்மட்டத்தை அடிக்கடி நோக்கவும் வேண்டும். எலியோ இரண்டையும் ஒப்பவே மதிப்பது. அறுவடைக்குப்பின் வயலெலி வண்டிக்குள் புகுந்து எதனைக் கடித்தாலும் சேதம் ஒன்றே. சாலையிற் காயும் வைக்கோலும் உமித்தூசியும் ரேடியேட்டரின் முகத்தை அடைத்துக்கொண்டால், குழாய் பொன்னாலேயே ஆயினும் எஞ்சின் கொதிக்கும். உவர்ப்புடைய நிலத்தடி நீரை ஊற்றுவதால் உள்ளே படியும் காரையையும் துருவையும் சிலிக்கோன் தடுக்கமாட்டாது.

இவையெல்லாம் சீர்தூக்கி, யாம் ரப்பரையே தேர்ந்தோம். ஓரிணைச் சிலிக்கோன் குழாயின் விலையில், நல்ல ரப்பர்க் குழாய் இரண்டிணை, புதிய கிளிப்புக்கள், முத்திரை கெடாத கூலண்ட், காய்ச்சி வடித்த நீர் ஆகிய அனைத்தும் வாங்கியும் சிறிது மிஞ்சிற்று. ஓரிணை வண்டியிற் பூட்டப்பட்டது. மற்றோரிணை, திருப்புளியோடும் தண்ணீர்ப் புட்டியோடும் டிக்கியில் உள்ளது. நான்காண்டுக்கொருமுறை, கெட்டாலும் கெடாவிட்டாலும், குழாயை மாற்றுவதென்று உறுதி செய்தோம். மாதந்தோறும் எஞ்சின் முற்றும் ஆறியபின், முனையருகே விரலால் அழுத்திப் பார்க்கின்றோம். நடுப்பகுதியினும் முனை மென்மையாயிருப்பின், அதுவே உள்நோயின் அறிகுறி. எஞ்சின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறவாமை எம் வீட்டார்க்கெல்லாம் விதித்த கட்டளை.

எனினும் சிலிக்கோன் எவர்க்கும் வேண்டாவென்பது எம் கொள்கையன்று. ஒருநாள் நின்றாலும் பெருநட்டம் விளைக்கும் பேருந்து, சுமைலாரி முதலியவற்றிற்கும், டர்போ பூட்டி மிகுந்த வெப்பத்தில் ஓடும் எஞ்சின்களுக்கும், பந்தய வண்டிகளுக்கும் அது தக்கதே. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர், நல்ல ரப்பர்க் குழாய் கிடையாதவிடத்து, அளவெடுத்துச் சிலிக்கோன் பூட்டுதலும் அறிவுடைமையே. நாள்தோறும் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓடும் எளிய குடும்ப வண்டிக்கு அது அணிகலனேயன்றிக் கவசமன்று.

“ஆயுளுக்கும் கவலையில்லை” என்னும் சொல்லே எமக்கு அச்சந் தருவது. கவலையற்ற பொருளை எவரும் திறந்து பார்ப்பதில்லை. பாராத பொருள் பாராத நேரத்திற் கெடும். நான்காண்டுக்கொருமுறை மாற்றவேண்டிய மலிவான குழாய், பானட்டைத் திறக்கும் பழக்கத்தையும் உடன் தருகின்றது. ஆண்டுதோறும் தூர் வாரப்படும் வாய்க்காலே கடைமடைக்கும் நீர் கொண்டு சேர்க்கும்.