சில எழுத்துக்களும் அவற்றை உட்கொண்ட சொற்களும்

ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்கள் 26. அவற்றுள் மூன்றையோ நான்கையோ எடுத்துக்கொண்டு, அவை கொடுத்த வரிசை மாறாமல் நிற்கும் சொல்லொன்றைத் தேடுதல் ஒரு விளையாட்டு. இடையே வேறெழுத்துக்கள் எத்தனை வரினும் குற்றமில்லை. 'ஜி, டி, டபிள்யூ' எனின், வாயிலைக் குறிக்கும் 'கேட்வே' ஒரு விடையாகும். தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாம் இதில் இறங்கியது ஏனென நண்பர் சிலர் நகைப்பர். அவர் நகைப்பினும் நகைக்க. சுவை கண்டதை எழுதலுற்றோம்.

எம்மை இதிற் புகுத்தியவர் எம் பாட்டனார். அவர் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக்கோத்தவர். கண்ணழுத்த நோயால் இரு கண்களும் ஒளியிழந்து ஈராண்டாகின்றன. அந்நோயிற் பார்வை நரம்பு கெட்டபின் இழந்த ஒளி மீளாது. நாளிதழை ஒரு வரியும் விடாது படித்தவர்க்கு அது நின்றபின் பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. ஒரு மாலை யாம் ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாக உரக்கச் சொல்லி உருவேற்றிக்கொண்டிருந்தோம். 'கல்வி' எனப் பொருள்படும் 'எஜுகேஷன்' என்பதை முடித்ததும், "தம்பி, இப்போது சொன்னதில் அவர்களுடைய உயிரெழுத்து ஐந்தும் உள; பார்த்தாயா?" என்றார். பல வாரங்களுக்குப்பின் அவராகத் தொடங்கிய பேச்சு அதுவே.

அன்றுமுதல் அவர் எழுத்துக்களைத் தருவார். யாம் சொல்லைத் தேடுவோம். வியப்பு யாதெனின், அவர் ஆங்கிலம் அறிந்தவரல்லர். பக்கம் பக்கமாகக் கோத்தவர்க்குச் சொற்களின் வடிவம் தெரியும். ஒலி பாதி தெரியும். பொருளோ பெரும்பாலும் தெரியாது. இளமையிற் பொருளை வினவியபோது, "கோக்கிற கைக்குப் பொருள் எதற்கு?" என்று மேற்பார்வையாளர் ஒருவர் கடிந்தனராம். அதன்பின் அவர் எவரையும் வினவவில்லை. இப்போது எம்மை வினவுகின்றார். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் முறையே நிற்கும் 'ஆப்ஸ்டீமியஸ்' என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லி, "இது யாது?" என்றார். உண்டியிலும் குடியிலும் அடக்கமுடைமை என்றோம். "நல்ல சொல்லைத்தான் கோத்திருக்கிறேன்" என்று மகிழ்ந்தார். அவ்வைந்தும் பின்னிருந்து முன்னாக நிற்கும் சொல்லொன்றை யாம் கொடுத்தோம். துணைக்கண்டத்துக்குரியதைக் குறிக்கும் 'சப்கான்டினென்டல்' என்பது அது.

ஒருமுறை அவர் தந்தவை 'எம், ஜி, டி, டபிள்யூ'. மூன்று நாள் தேடியும் எமக்கு அகப்படவில்லை. நான்காம் நாள் அவரே எழுத்துக்களை வரிசையாகச் சொன்னார்: 'மல்லிகட்டானி.' உணவு விடுதியொன்றின் பட்டியலுக்காகப் பலமுறை கோத்த சொல்லாம். துரைமார் உண்ணும் ஏதோ பண்டமென எண்ணியிருந்தாராம். அகராதியைப் புரட்டினோம். அது நம் மிளகுத்தண்ணீரின் திரிபு! சொன்னதும் சிறிதுபொழுது வாளாவிருந்தார். பின்பு, "வீட்டிற் குடித்ததையா அங்கே புரியாமற் கோத்தேன்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிரவு மிளகுத்தண்ணீரே வேண்டுமென்று கேட்டு உண்டார். கட்டுமரமும் அவ்வாறு கடல்கடந்ததே. ஆங்கிலத்தில் அஃது ஏ என்னும் ஓர் உயிரையே நான்கிடத்துக் கொண்டு நிற்கின்றது. நம் உகரம் வழியில் மூழ்கிற்றுப்போலும்.

நிற்க. தேடும் வகையை அவரிடம் வினவினோம். அருகிய எழுத்தை முதலிற் பிடிக்கவேண்டும் என்றார். ஆங்கில அச்செழுத்துப் பெட்டியில், தொழிலாளர் 'கேஸ்' என்பதில், ஈக்குரிய அறையே பெரியது. கியூவிற்கும் இசட்டிற்கும் சிற்றறைகள். மோர்ஸின் தந்திக்குறியில் ஈக்கு ஒரு புள்ளியே போதும். ஸ்கிராபிள் என்னும் பலகை விளையாட்டை அமைத்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாளின் எழுத்துக்களை எண்ணிப்பார்த்து, 100 வில்லைகளுள் ஈக்கு 12 கொடுத்தார், கியூவிற்கு ஒன்றே. "எண்ணுவானேன்? எங்கள் கேஸைப் பார்த்திருக்கலாமே!" என்றார் பாட்டனார். 1939-இல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்பார், ஈயை விலக்கி 50,000 சொற்களுக்கு மேற்பட்ட 'காட்ஸ்பி' என்னும் புதினத்தை வெளியிட்டார் என்று கூறினோம். அவ்வச்சகத்தில் அந்த அறை நிரம்பியே கிடந்திருக்குமென்று கவலைப்பட்டார்!

விலக்கி எழுதுதல் நமக்குப் புதிதன்று. இதழொட்டாத எழுத்துக்களாலேயே பாடும் நிரோட்டத்தைத் தண்டியலங்காரம் சொல்லணியுள் வைத்தது. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் நிரோட்டக யமக அந்தாதி இயற்றினார். ரைட்டின் விலக்குக் கண்ணுக்குரியது, நம்முடையது வாய்க்குரியது. எமக்கு உயர்வாகத் தோன்றுவது பின்னதே. கட்சி பேசுவதாகக் கொள்ளினும் கொள்க. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி வேறு. 'ரிதம்' என்னும் சொல்லில் அவர்தம் ஐந்து உயிருள் ஒன்றும் இல்லை. ஒய் என்பதே உயிர்த்தொழில் செய்கின்றது. ஒன்பதெழுத்துடைய 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதில் உயிர் ஒன்றே. நம் மெய்ம்மயக்க விதிகளைப் பயின்ற நாவிற்கு அச்சொல் ஒரு தண்டனை.

இப்பொழுது பாட்டனார் எழுத்துக்களை வாயாற் சொல்வதை விடுத்து, எம் உள்ளங்கையில் விரலால் வரைகின்றார். அச்சுக்கோப்போர் எழுத்துக்களை இடமிருந்து வலமாக, ஆனால் தலைகீழாக அடுக்குவர். அந்நிலையிற் சிறிய 'டி' 'கியூ'வைப்போலவும், 'என்' 'யூ'வைப்போலவும் தோன்றும். பழக்கத்தால் அவர் அவ்வாறே வரைவார். நேற்று நான்கெழுத்து வரைந்தார், மூன்று விளங்கின. ஈற்றெழுத்து 'என்' ஆமோ 'யூ' ஆமோ என்று வினவினோம். "அச்சில் வந்தால் தெரியும்" என்றார்.