தவணை முடியும் நாள்



செல்லிப்பட்டில் மின்துறை ஒன்றே. கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது. சிங்கப்பூரிலோ 2018, 2019ஆம் ஆண்டுகளில் சந்தை திறக்கப்பட்டபின், எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்பது வீட்டாரின் விருப்பம். மாறாத விலையில் ஈராண்டு ஒப்பந்தமும் உண்டு.

அங்கு வசிக்கும் என் தம்பியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மின்னஞ்சலில் வந்த அறிவிப்பை அவன் திறக்கவேயில்லை. கூடுதல் விலையில் அது தானாகவே புதுப்பிக்கப்பட்டது. "ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் குறைக்கவேண்டும் அண்ணே" என்றான். அது எங்கள் தாயாரின் மருந்துப் பணம்.

ஒப்பந்தம் செய்தபோது என்னிடம்தான் ஆலோசனை கேட்டான். விலையைக் கேட்டேன், வட்டி உண்டா என்றும் கேட்டேன். முடியும் நாளைக் கேட்கவில்லை. கடனைத் தவணையுடன் எழுதிவைக்கப் பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனத்தை ஆண்டுதோறும் மதரஸாவில் நடத்துபவன் நான்!

இடையில் விலகினால் அபராதம். கணக்கிட்டதில், மீதி மாதங்களின் கூடுதல் செலவைவிட அபராதமே அதிகம். ஆகவே ஒப்பந்தத்தை நிறைவேற்றுகிறான்.

அங்குள்ள உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: முடிவதற்கு ஒரு மாதம் முன்பே, தானாகப் புதுப்பிக்கும் விதி உண்டா எனப் பார்க்கட்டும். மூன்று மாதத்திற்கொருமுறை மாறும் எஸ்பி குழுமத்தின் கட்டணத்துடன் புதிய விலையை ஒப்பிடட்டும். நிறுவனம் மாறினால் மின்சாரம் நின்றுவிடும் என்ற அச்சம் வேண்டாம். கம்பி அதே கம்பிதான். 2021இல் ஐஸ்விட்ச் நிறுவனம் வணிகத்தைவிட்டே விலகியபோதும், அதன் வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்திற்கு மாற்றப்பட்டனர்.

தம்பியின் ஒப்பந்தம் அடுத்து முடியும் தேதியை, மதரஸா வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் நானே எழுதிவைத்திருக்கிறேன்.