பெரிய மார்க்கெட்டில் ஒரு திசைகாட்டி

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டை அறியாத குடும்பம் நம் பங்குகளில் இராது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே பரந்து கிடக்கும் அவ்வங்காடிக்கு ஏடுகளில் உள்ள பெயர் குபேர் அங்காடி. பிரெஞ்சு ஆட்சியின் இறுதிக் காலத்திலும் அதற்குப் பின்னரும் இவ்வூர் அரசியலில் பெரும்பங்கு வகித்த எதுவார் குபேரின் பெயர் அது. ஆயினும் அங்கே பூ விற்போரும் கருவாடு விற்போரும் அப்பெயரைச் சொல்ல நாம் கேட்டதில்லை. அவர்களுக்கு அது பெரிய மார்க்கெட்; அவ்வளவே.

நாம் அங்குச் செல்வது பெரும்பாலும் பீடத்துக்கு வேண்டிய பூ வாங்கவே. கடந்த தை மாதத்து ஞாயிறு ஒன்றில் சென்றதோ வேறொரு பொருளைத் தேடி. நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மீன் அங்காடியில் கூடையோடு அமர்ந்திருப்பவர். அவருடைய மகன் கடலூரில் பழைய ஃபைபர் படகு ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான். அதைக் கடல் வழியாகவே தேங்காய்த்திட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தாய்க்கு அதில்தான் அச்சம். முந்தைய ஆண்டு அவனும் தோழர் இருவரும் விடியற்காலைப் பனிமூட்டத்தில் கரை தெரியாமல் திசை மாறி ஓடி, எண்ணெய் தீர்ந்து, ஒரு பகலும் ஓர் இரவும் கடலிலேயே கிடந்தனர். அவ்விரவு முழுவதும் அத்தாய் மணலில் உட்கார்ந்திருந்ததை நாம் கண்டோம்.

“சாமி, அவனுக்கு அவங்கப்பா சொன்னாலும் ஏறாது, நான் சொன்னாலும் ஏறாது. போனே போதும்ங்கிறான். என்ன வேணுமோ நீங்களே கூட இருந்து வாங்கிக் கொடுங்க. காசு நான் தரேன்” என்றார்.

கடலைப் பற்றி மீனவர்க்குச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. குருமட நாட்களில் சாரணர் பயிற்சியில் காந்த ஊசியையும் வரைபடத்தையும் கையாளக் கற்றோம். பின்னர்க் கடலோரப் பங்குகளில் பணியாற்றியபோது முதியோரிடம் சிறிது கேட்டறிந்தோம். அதற்கு மேல் இல்லை.

முந்தைய ஆண்டு நேர்ந்ததை முதலில் அவனிடமே விசாரித்தோம். கைப்பேசி இருந்தது; அதில் வரைபடமும் இருந்ததாக அவன் எண்ணியிருந்தான். ஆனால் செயற்கைக்கோள் சொல்லும் இடக்குறிப்புக்குக் கோபுர அலை தேவையில்லை என்பது உண்மையாயினும், படத்தை முன்னரே கைப்பேசிக்குள் இறக்கி வைத்திராவிடில், அலை அற்ற கடலில் வெறுந்திரையின் நடுவே ஒரு புள்ளிதான் தெரியும். ஈர விரலுக்குத் திரை இணங்கவில்லை. சற்று நேரத்தில் மின்கலமும் தீர்ந்தது. திசைகாட்டி ஒன்றும் இருந்ததாம். “அது தப்பா காட்டுச்சு சாமி” என்றான். எங்கே வைத்திருந்தாய் என்றோம். பாட்டுப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு அருகில்! ஒலிபெருக்கிக்குள் காந்தம் உண்டு. பாவம், ஊசி என்ன செய்யும்?

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பழம்பொருள்களைப் பரப்பியிருந்த ஒருவரிடம் பளபளக்கும் பித்தளைத் திசைகாட்டிகள் சில கிடந்தன. இளைஞன் ஒன்றை ஆவலோடு எடுத்தான். நாம் அதைத் தட்டையாகப் பிடித்து, ஊசி நின்றபின் ஒரு சாவிக்கொத்தை அருகே கொண்டுசென்று விலக்கினோம். நல்ல ஊசி ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இதுவோ மூன்று முறையும் மூன்று இடத்தில் நின்றது. மேசை அலங்காரத்துக்கு ஏற்ற பொருள், படகுக்கு ஆகாது.

பின்னர்ப் படகுச் சாமான் விற்கும் கடையொன்றில் திரவம் நிறைந்த கடல் திசைகாட்டியைக் கண்டோம். திரவம் ஊசியின் ஆட்டத்தை அடக்குவதால் படகு குலுங்கினாலும் படிக்க முடியும். உள்ளே காற்றுக்குமிழி இல்லை. சாவிச் சோதனையிலும் தேறியது. ஆயினும் கடைக்கு வெளியே வந்து காந்தி வீதியின் போக்கோடு ஒப்பிட்டபோது நாம் திடுக்கிட்டோம். வடக்கு தெற்காக ஓடுவதாக நாம் எந்நாளும் எண்ணியிருந்த வீதியை அது வடகிழக்குப் பக்கமாகச் சாய்த்துக் காட்டிற்று. இதுவும் பழுதோ என்று ஐயுற்று வரைபடத்தைப் பார்த்தோம். பழுது நம் எண்ணத்தில்தான். பிரெஞ்சுக்காரர் கட்டமிட்டு வகுத்த இந்நகரின் நெடுவீதிகள் கடற்கரையின் போக்கைத் தழுவியவை. கரையோ நேர்வடக்கே செல்லாமல் சற்றுக் கிழக்கே சாய்ந்து செல்கிறது. நம் மீனவர் ‘வடக்கே’ என்பதும் பலவேளை கரையோரமாக மேலே என்பதே.

இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. கடலூர்த் துறைமுகம் ஏறக்குறைய 11 பாகை 42 நிமிடத்தில் உள்ளது. நம் முகத்துவாரம் ஏறக்குறைய 11 பாகை 54 நிமிடத்தில். அகலாங்கில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது ஏறக்குறைய 1,852 மீட்டர். ஆகவே வடக்கு நோக்கிப் பன்னிரண்டு கடல் மைல். சாய்வையும் சேர்த்தால் சற்றுக் கூடும். கடலூரிலிருந்து ஊசியை மட்டும் நம்பி நேர்வடக்கே ஓட்டினால் வழியிலேயே படகு கரையில் ஏறிவிடும். பதினைந்து பாகையளவு கிழக்கே ஒதுங்கித்தான் ஓட்ட வேண்டும். இதை இளைஞனுக்கு விளக்கியபோது அவன் முதன்முறையாகக் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கவனித்தான்.

அடுத்தது கையடக்க ஜி.பி.எஸ். கருவி. அழுத்தும் பொத்தான் உடையதும், மாற்று மின்கலம் போடத்தக்கதும், நீர் புகாததும் ஆன ஒன்றையே தேர்ந்தோம். ‘நீர் புகாது’ என்ற எழுத்தை மட்டும் நம்பலாகாது. உறையில் ஐ.பி.எக்ஸ் 7 என்றிருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். வெறும் தூறலைத் தாங்குவது வேறு. எத்துணை நல்ல கருவியாயினும், துறையை விட்டுப் புறப்படுமுன் முகத்துவாரத்தின் இடத்தை அதில் பதிந்து கொள்ளாவிட்டால் திரும்பும்போது அது எதைக் காட்டும்?

இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதுமா என்று நாம் தயங்கி, ஒன்றுதான் இயலுமெனில் திசைகாட்டியே முதலில் என்றோம். அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. மீன் அங்காடிக்குத் திரும்பி அத்தாயிடம் சொன்னபோது அவர் சுருக்குப்பையை அவிழ்த்தபடியே, “படகுக்குக் கடன் வாங்கினவ இதுக்கா கணக்கு பாப்பேன்? ரெண்டும் வாங்கிடுங்க சாமி” என்றார்.

விசில், கைவிளக்கு, நைலான் கயிறு, தண்ணீர்க் கேன் யாவும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிய கடைகளிலேயே கிடைத்தன. கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணைப் படகின் பலகையிலேயே சாயத்தால் எழுதச் சொன்னோம். கரையருகே கைப்பேசி அலை உள்ளவரை அது பயன்படும். அதற்கப்பால் செல்வோர்க்கு வி.எச்.எப். வயர்லெஸ்ஸும் அதன் 16-ஆம் அலைவரிசையும், செயற்கைக்கோள் வழியே ஆபத்தை அறிவிக்கும் இஸ்ரோவின் கருவியும் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தொலைக்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர்க்கு எச்சரிக்கை எட்டாமற் போனதை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

இத்தனையையும் படகோட்டியின் தந்தை பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் பழைய கட்டுமரக்காரர். கருவிகளை அவர் இகழவில்லை. தமக்கு வேண்டாம் என்றார், அவ்வளவே. சோழமண்டலக் கரையின் மாலுமிகளிடம் ஒரு காலத்தில் இராப்பலகை என்றொரு கருவி இருந்ததை அவரிடம் சொன்னோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இக்கரையோரின் இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதி வைத்தார். சிறு மரப்பலகை; நடுவே ஒரு கயிறு; கயிற்றில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை நீட்டிப் பிடித்தால், பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் பொருந்த வேண்டும். பொருந்தினால் கப்பல் அத்துறையின் நேரே வந்துவிட்டது. புதுச்சேரியில் துருவ மீன் அடிவானுக்கு மேல் பன்னிரண்டு பாகை உயரமே நிற்கும். நீட்டிய கையில் மடக்கிய கைமுட்டியைவிடச் சற்றே கூடிய உயரம். முதியவர் கைமுட்டியை நீட்டிப் பார்த்துச் சிரித்தார். “எங்க தாத்தா கை இப்படித்தான் இருக்கும்” என்றார். பின்னர் வீட்டுக்குச் சென்று, வலையில் கட்டும் ஈயத்தை உருக்கிச் செய்த ஒரு குண்டை எடுத்துவந்து பையில் போட்டார்.

புறப்பாட்டன்று நாமும் உடன் சென்றோம். கடலூர் முதுநகரிலிருந்து கிளம்பும்போது வானம் தெளிவு. தென்பெண்ணை முகத்துவாரத்தை நெருங்கும்போது பனி இறங்கிற்று, கரை மறைந்தது. ஆறு கொணரும் மணல் அங்கே ஆண்டுதோறும் இடம் மாறும். எந்த வரைபடமும் அதை முற்றிலும் காட்டாது. அவ்வேளையில் திசைகாட்டி ஒன்று சொல்ல, ஜி.பி.எஸ். வேறொன்று சொல்லிற்று. இளைஞன் முகம் வெளுத்தது. முந்தைய ஆண்டின் இரவு அவன் கண்ணில் தெரிந்தது. நாம் குனிந்து பார்த்தபோது அவனது கைப்பேசி திசைகாட்டியை ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்தவுடன் ஊசி மெல்லத் திரும்பிப் பழைய இடத்தில் நின்றது.

இதற்குள் முதியவர் இயந்திரத்தை அணைக்கச் சொல்லி, ஈயக்குண்டின் அடிக்குழியில் சோப்பை அழுத்திக் கடலில் இறக்கினார். கயிற்றை முழம் போட்டு எண்ணி, குண்டை மேலே எடுத்து ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்தார்.

“ஆத்துச் சேறு. கரை கிட்ட இருக்கு. கொஞ்சம் வெளியே போடு தம்பி” என்றார்.

ஊசியும் ஜி.பி.எஸ்.ஸும் அதையே சொல்லின. படகு கிழக்கே ஒதுங்கி ஓடிற்று. பனி விலகியபோது இடப்பக்கம் வீராம்பட்டினத்துக் கரை தெரிந்தது. அதற்கப்பால், 1979-இல் ஓய்வு பெற்ற பழைய விளக்கின் பணியை ஏற்ற புதிய கலங்கரை விளக்கம்.

முற்பகலில் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்று அத்தாயிடம் செய்தி சொன்னோம். சங்கரா மீனுக்கு விலை பேசிக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “வந்துட்டானா?” என்றார். ஆம் என்றோம். தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே நின்ற அம்மாளிடம், “இருநூறுக்கு வராதும்மா” என்றார்.