சந்தேகம் வந்தால் போதும்

அடுத்த வீட்டில் ஒரு குழந்தை அடிபடுகிறது, பட்டினி கிடக்கிறது என்று தோன்றும்போது, நம்மில் பெரும்பாலோர் செய்வது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவதுதான். கல்நெஞ்சர்கள் என்பதால் அல்ல. மூன்று தயக்கங்கள் கையைப் பிடித்து இழுக்கின்றன. இத்தனை வயதுக்குப் பிறகு அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

முதல் தயக்கம், "அது அவங்க வீட்டு விவகாரம்." பெற்றவர் அடிப்பது அவர் உரிமை என்று நம்பி வளர்ந்த தலைமுறை என்னுடையது. 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று அதற்குப் பழமொழியும் வைத்திருந்தோம். சட்டம் அந்தப் பழமொழியை ஏற்கவில்லை. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் துன்புறுத்துவதும், கைவிடுவதும், வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பதினெட்டு வயது நிறையாத எல்லோரும் குழந்தைகளே.

பாலியல் குற்றம் என்றால் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவருக்கே ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. 'பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

இரண்டாவது தயக்கம், "கையில் ஆதாரம் இல்லையே, தப்பாகப் போனால்?" நல்லவர்களைத் தடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆதாரம் தேடுவது உங்கள் வேலையே இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குப் போட முடியாது என்று போக்சோ சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாமே துப்பறியப் போனால்தான் ஆபத்து. சந்தேகப்படும் ஆளிடம் போய்ச் சண்டை போட்டால், குழந்தையை மிரட்டி வாயடைக்க அவருக்கு நேரம் கொடுத்துவிடுகிறோம். 'அவர் ரொம்ப நல்ல மனுஷராச்சே' என்பதும் ஒரு விசாரணை முடிவாகாது. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமை செய்தவர்களில் சுமார் பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

குழந்தையே உங்களிடம் வாய் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து மறுபடி மறுபடி சொல்லச் செய்வதும் கொடுமைதான். போக்சோ வழக்கில் வாக்குமூலம் வாங்க, கூடியவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வரவேண்டும் என்று சட்டமே அவ்வளவு பக்குவம் காட்டுகிறது.

மூன்றாவது தயக்கம், "சொன்னால் அந்தக் குடும்பமே சிதைந்துவிடாதா?" இதில் நியாயம் உண்டு. கட்டட வேலைக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆறு வயது மகளிடம் விட்டுப் போகிறாள். அது அலட்சியமா, வறுமையா? வாசலில் நின்று பார்க்கும் நம்மால் பிரித்தறிய முடியாது. அதற்காகத்தான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், தலைவரோடு நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழந்தைகள் நலக் குழுவும் இருக்கின்றன. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு, குழந்தையைத் தன்னிடமே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி தரும் வழி மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஒரு அழைப்பு அந்தத் தாய்க்குத் தண்டனையாகத்தான் முடியும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

அழைக்க வேண்டிய எண் 1098. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவையை இப்போது அரசே நடத்துகிறது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். வீடு எங்கே, குழந்தைக்கு ஏறக்குறைய என்ன வயது, எந்த நாளில் எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள் என்பதைச் சொன்னால் போதும். உங்கள் ஊகத்தைச் சேர்த்துச் சமைக்காதீர்கள். இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112.

செய்யக் கூடாதவையும் உண்டு. குழந்தையின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் 'பேசி முடிக்க'வும் உடன்படாதீர்கள். அங்கே காப்பாற்றப்படுவது பெரும்பாலும் பெரியவர்களின் மானம்தான்.

ஒருமுறை சொல்லிவிட்டதோடு கடமை தீர்ந்ததாக நினைக்க வேண்டாம். அடுத்த வாரமும் அதே அலறல் கேட்டால் மறுபடி அழையுங்கள், முன்பு அழைத்த தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலுவலர்களுக்கு ஒரு மாவட்டம் முழுக்க வீடுகள். அந்த ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.