காலைப் பலகாரத்தோடு ஓர் அறை

திருமங்கலம்,
மாசி மாதம்



பணி ஓய்வுக்குப் பிறகு சொந்த வீட்டில் ஒன்றிரண்டு அறைகளை ஒதுக்கி, வெளியூர்க்காரர்களுக்குப் படுக்கையும் காலைப் பலகாரமும் கொடுத்துக் கட்டணம் வாங்கும் தொழில் கேரளத்திலும் குடகிலும் வேரூன்றி வெகுகாலம் ஆகிறது. மதுரைச் சமவெளியில் அது அந்த அளவுக்குப் பரவவில்லை. லாட்ஜ் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். உறவுக்காரர் வீடு என்றாலும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்த ஏற்பாட்டுக்குத் திருமங்கலம் ஏற்ற ஊர்தானா என்பதைப் பற்றியது இந்தக் கடிதம்.

மதுரையிலிருந்து தெற்கே பசுமலை, திருப்பரங்குன்றம், கப்பலூர் டோல்கேட் என்று வந்தால் இருபது கிலோமீட்டர் அளவில் திருமங்கலம். கன்னியாகுமரி நெடுஞ்சாலையிலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. சுற்றுலாப் பயணி தேடி வரும் ஊர் அல்ல இது. கடந்து போகும் ஊர். ஆனால் கடந்து போகிறவர்களை நம்பித்தான் இந்தச் சீமையில் தங்குமிடங்களே தோன்றின. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் இன்றும் பேசப்படுகின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒரு சத்திரம் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், மாங்குளத்துக் குன்றில் சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும், கொடுத்தவரின் பெயரைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டுகளும் கண்ணில் படும். கிறிஸ்துவுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் அயலாருக்குப் படுக்கை கொடுத்திருக்கிறார்கள்.

அவை எல்லாம் தர்மம். வீட்டில் சாப்பிட்டவரிடம் கை நீட்டிக் காசு வாங்குவதா என்ற கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது. திருமங்கலத்தில் இந்தத் தொழிலுக்கு முதல் தடை அறையோ உரிமமோ அல்ல, இந்தக் கூச்சம்தான். கட்டணத்தைச் சொல்லத் தயங்குகிறவர் முதல் மாதம் உபசரிப்பார், மூன்றாம் மாதம் மனம் புழுங்குவார். விலையை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால் உபசாரம் கெடுவதில்லை. வந்தவருக்கும் உரிமையோடு இன்னொரு இட்லி கேட்க முடிகிறது.

வயது கடந்த பின் விருந்தோம்பலைத் தொழிலாக்கியவர்களில் தமிழ்நாட்டில் நன்றாக அறியப்பட்டவர் காரைக்குடியின் மீனாட்சி மெய்யப்பன். குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பங்களாவை 1999இல் ‘தி பங்களா’ என்ற பெயரில் தங்கும் விடுதியாக அவர் திறந்தபோது அவருக்கு அறுபது கடந்திருந்தது. அதைப் பாரம்பரிய விடுதி என்றே சொல்ல வேண்டும். இரண்டு அறை வீட்டோடு ஒப்பிட முடியாது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்தவர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்காகத் திரும்ப வந்தார்கள். அந்தச் சமையல் 2014இல் ‘தி பங்களா டேபிள்’ என்ற நூலாகவும் ஆயிற்று. கட்டடத்தைவிடச் சமையலறைதான் அதன் பெயரைத் தூரத்துக்குக் கொண்டுபோனது.

ஓய்வு பெற்றவர் ஒரு வீட்டில் சிறிதாகத் தொடங்குவதற்கு மதுரையில் வேறொரு துறையில் பெரிய முன்மாதிரியே உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

விதிகள் கடினமானவை அல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ வீட்டுத் தங்கல் திட்டத்தில் ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை, அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கைகள் அனுமதி. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வசதியைப் பார்த்துத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்புவது கட்டாயம். இதில் சோம்பல் கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இரண்டு அறை வீடு அந்த எல்லைக்கு அருகில்கூட வராது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கமெல்லாம் கரிசல் மண். மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும் மண் அது. அஸ்திவாரம் ஆழமாக இல்லாத பழைய வீட்டின் மேல் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு மாடி எழுப்பினால், இரண்டு கோடையில் சுவர் வெடிப்பு விடும். பணத்தை அங்கே புதைப்பதைவிட, கீழ்த்தளத்தில் இருக்கும் ஓர் அறைக்குத் தனிக் குளியலறை சேர்ப்பது நல்லது. அறுபது வயதில் மாடிப்படி ஏறி மெத்தை விரிப்பு மாற்றுவது இன்று முடியும், எழுபதில் முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட், கொசுவலை அடித்த ஜன்னல், கீசர், மின்சாரம் போனால் மின்விசிறி ஓடும் அளவுக்கு ஓர் இன்வெர்ட்டர் ஆகியவை முதலில் வர வேண்டும். சித்திரை வெயிலுக்கு ஏசி இல்லாமல் ஆள் தங்காது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கக் கேன் தண்ணீரை அறையிலேயே வைத்துவிட வேண்டும்.

யார் வருவார்கள்? தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்யாண மண்டபங்களுக்கு வரும் உறவுக்காரர்களில், மண்டபத்து ஜமுக்காளத்தில் படுக்க முடியாத வயதானவர்கள். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களிலும், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவிலும் மதுரை விடுதிகளில் இடம் கிடைக்காதவர்கள். கீழடி அருங்காட்சியகத்தையும் சமணர் மலையையும் நெரிசலில்லாத இடத்தில் தங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் காரோட்டிக் குற்றாலத்துக்குப் போகிற குடும்பங்கள். குளியலும் சூடான இட்லியும் இவர்களுக்குப் பெரிய விஷயம். ஊரில் வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டில் குடியேறி, குலதெய்வக் கோயிலுக்கு மட்டும் வருகிறவர்களும் உண்டு. பக்கத்துத் தோப்பூரில் 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனை முழுதாக இயங்கும்போது நோயாளிகளின் வீட்டாரும் தங்க இடம் தேடுவார்கள். அவர்களுக்கான கட்டணமும் நேரமும் வேறாக இருக்க வேண்டும்; கல்யாணத்துக்கு வந்தவரிடம் வாங்கும் தொகையை அவர்களிடம் கேட்பது சரியாக இராது.

வரவைக் கணக்கிட்டால்: இரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் மாதம் பத்து இரவுகள், இரவுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய். மின்கட்டணம், சலவை, உதவிக்கு வரும் அம்மாவின் சம்பளம், பலகாரச் செலவு, முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாம் போகக் கையில் நிற்பது ஓய்வூதியத்துக்குத் துணையாகும், ஓய்வூதியத்துக்கு மாற்றாகாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் பத்து இரவு என்பதே அதிகம்.

பலகாரம்தான் இந்தத் தொழிலின் உயிர். ஆனால் பலவகை வேண்டாம். இட்லி, தக்காளிச் சட்னி, ஒரு நாள் வெண்பொங்கல், ஒரு நாள் குதிரைவாலி உப்புமா, ஃபில்டர் காபி போதும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வந்தால் அந்த நாட்களில் அடுக்களை சைவமாக இருக்க வேண்டும். கேட்கிறவருக்கு மதுரைப் பருத்திப்பால் எங்கே கிடைக்கும் என்று சொன்னால் போதும், வீட்டில் காய்ச்ச வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் பெரும்பாலும் கணவர். மனைவிக்கு அடுப்படியிலிருந்து ஓய்வே கிடைத்ததில்லை. அவர் பெயரில் உரிமமும் வங்கிக் கணக்கும் இல்லாமல், அவர் கையால் மட்டும் இந்தத் தொழில் நடந்தால் அது நியாயமாகாது. ஐந்து மணிக்கு மாவு எடுப்பவர், விருந்தாளியை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையும் உள்ளவராக இருக்க வேண்டும்.

உடம்புக்கு முடியாத நாட்கள் வரும். முன்பதிவு ஏற்றபின் காய்ச்சலோ மருத்துவமனையோ குறுக்கிட்டால், வருகிறவரை அனுப்பி வைக்கத் திருமங்கலத்திலோ திருநகரிலோ நம்பகமான ஒரு லாட்ஜோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது அவசியம். ஒரே அறையோடு ஆறு மாதம் நடத்திப் பார்த்து, இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் இரண்டாவது அறையைத் திறக்கலாம். மூன்றாவது அறை இந்த வயதில் வேண்டியதில்லை.