திண்டிவனத்து மேக்ஸ் 100

திண்டிவனத்தில் ஒரு பால்காரரிடம் பழைய சுசுகி மேக்ஸ் 100 வாங்கினேன். டி.வி.எஸ். நிறுவனம் சுசுகியோடு சேர்ந்து ஓசூரில் வண்டி செய்த காலத்தது. அந்தக் கூட்டு 2001-இல் முடிந்தது. இருபக்கமும் பால் கேன் தொங்க நம் மண்பாதைகளில் உழைத்த இந்த வண்டிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

விழுப்புரத்துக்கு ஓட்டி வரும்போது விக்கிரவாண்டி தாண்டியதும் இழுவை குறைந்தது. மெக்கானிக் அண்ணன் முதலில் சைலன்சரைத்தான் கழற்றினார். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் கரி அங்கே படியும். அதைச் சுரண்டி எடுத்தார், கார்ப்பரேட்டரைக் கழுவினார், டேங்க் துருவை அலசினார். "பெயின்ட் அடிச்சிடாதீங்க தம்பி, பழைய கலர் திரும்ப வராது" என்றார். அடிக்கவில்லை. துடைத்துப் பாலிஷ் மட்டும் போட்டேன், அழகாக இருக்கிறது.

இன்ஜின், சேஸிஸ் எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தேன். 15 ஆண்டு கடந்த வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 29, 30 படிவங்களை நிரப்பி உடனே பெயர் மாற்றுங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர்களே, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.