வரப்போரப் பயிர்

வயலைப் பார்க்க வருகிறவர்கள் வயலுக்குள் இறங்குவதில்லை. வேட்டி சேறாகிவிடும் என்ற பயம். வரப்பில் நின்றபடியே கைக்கெட்டும் கதிரை வளைத்து, இரண்டு மணியை நசுக்கிப் பால் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஜோரா இருக்கே" என்று சொல்லிப் போய்விடுவார்கள். ஜோராகத்தான் இருக்கும். வரப்போரத்துப் பயிருக்கு ஒரு பக்கம் போட்டியே கிடையாது. வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும், வேர் ஓடவும் கொஞ்சம் அதிக இடம். உள்ளே ஒரு குத்தில் பதினைந்து தூர் இருந்தால் ஓரத்துக் குத்தில் இருபதுக்கு மேல் எண்ணலாம்.

நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் தினக்கூலியாகச் சேர்ந்து கள உதவியாளராக ஓய்வு பெற்றவன் நான். மொத்தம் முப்பத்தொரு வருடம். அறுவடை நாளில் எங்களுக்கு முதல் வேலை, ஒவ்வொரு பாத்தியிலும் சுற்றிலும் இரண்டு வரிசையை அறுத்துத் தனியாகப் போட்டுவிடுவது. அதை நிறுக்கக் கூடாது. நடுவில் மிஞ்சுவதுதான் கணக்கு. அறுக்க வரும் பெண்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "நல்லா வெளஞ்சதை ஒதுக்கிட்டு நோஞ்சானை நிறுக்கிறீங்களே, உங்க சார் படிச்சவருதானா?" என்று ஓர் அக்கா வருடம் தவறாமல் கேட்பார். எனக்கும் சேர்ந்த புதிதில் அதே சந்தேகம்தான்.

நான் சேர்ந்தபோது யூரியா வந்து வேரூன்றிவிட்ட காலம். ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 எல்லாம் பழகிப்போன பெயர்கள். பண்ணையில் ஒரு பக்கம் தொழுவுரமும் தழையுரமும் மட்டும் போடும் பாத்திகள், பக்கத்தில் மூட்டை உரம் போடும் பாத்திகள், இன்னொரு பக்கம் எதுவுமே போடாத பாத்திகள். என் அப்பா கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுது, கோடையில் ஆட்டுக்கிடை போட்டு நெல் எடுத்தவர். அதனால் தழையுரப் பாத்தி ஜெயிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை. சம்பளம் வாங்கியது அளப்பதற்கு, ஆசைப்படுவதற்கு அல்ல. வயது அப்படி.

ஒரு வருடம் ஆள் தட்டுப்பாடு. முழுப் பாத்தியையும் அடித்து நிறுக்க முடியாது, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் மட்டும் அறுத்து நிறுத்தால் போதும் என்று முடிவானது. வருவாய்த் துறையும் புள்ளியியல் துறையும் ஊரில் செய்கிற பயிர் அறுவடைப் பரிசோதனையும் இதே மாதிரிதான். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை நம் கண் தீர்மானிக்கக் கூடாது. சார் ஒரு எண் பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். வடமேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி, அங்கே முதல் முளைக்குச்சி. நான்கு குச்சி, சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே வேர் இருந்தால் சேர்த்தி, வெளியே இருந்தால் விட்டுவிட வேண்டியது.

தழையுரப் பாத்தி ஒன்றில் எண்ணி நடந்தேன். காலடி போய் நின்ற இடம் பள்ளம். தண்ணீர் தேங்கி, இலைசுருட்டுப் புழுவும் அடித்து, கதிர் பாதி பதர். நாலடி தள்ளி அருமையான பயிர். சுற்றிலும் பார்த்தேன். குச்சியைத் தள்ளி ஊன்றினேன்.

எடை நன்றாக வந்தது. சாயங்காலம் சார் நோட்டைப் பார்த்தார். ஒரே உரம் போட்ட நான்கு பாத்தி. மூன்று ஒருவாறு ஒத்துப் போகிறது, ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தார், நானும் பின்னால் போனேன். தாள் மட்டும் நின்ற வயலில் குச்சி ஊன்றிய குழி நான்கும் ஈரத்தில் அப்படியே இருந்தன. அளந்தார். நாலடி.

மறுபடி அறுக்கலாமா என்றால் வழியில்லை. பாக்கிப் பயிரை மதியமே அறுத்துக் களத்தில் மற்றதோடு போட்டாயிற்று. சார் நோட்டில் நான் எழுதிய எண்ணை அடித்துவிட்டு மேலே 'விடுபட்டது' என்று எழுதினார். "தழையுரத்துக்கு நல்லது செய்யறதா நெனச்சே. அதுக்கு நாலு சாட்சி இருந்துது, இப்ப மூணுதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சம்பளம் பிடிக்கவில்லை, மேலதிகாரிக்கு எழுதவும் இல்லை. எழுதியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அவர் எனக்கு மற்ற ஊர்க் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இல் ஆரம்பித்த கோதுமைப் பரிசோதனை இன்றைக்கும் நடக்கிறது. ஆரம்பித்த லாஸ் என்பவர் யார் தெரியுமா? சூப்பர் பாஸ்பேட்டுக்கு முந்தின வருடம்தான் காப்புரிமை வாங்கிய உர வியாபாரி. அவர் தன் சரக்குக்குப் பக்கத்திலேயே தொழுவுரத்துக்கு ஒரு துண்டு, ஒன்றுமே போடாததற்கு ஒரு துண்டு என்று ஒதுக்கினார். தொழுவுரத் துண்டு ரொம்ப காலம் ரசாயன உரத்துக்குச் சமமாகவே விளைந்தது. ஆனால் ஹெக்டேருக்கு வருடா வருடம் 35 டன் எரு. அவ்வளவு எருவுக்கு எத்தனை மாடு வேண்டும் என்று நாட்டு மாட்டின் பெருமை பேசுகிறவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றுமே போடாத துண்டு நூற்றெண்பது வருடத்துக்குப் பிறகும் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் ஆரம்பித்த நிரந்தர உரப் பரிசோதனை உண்டு. ஆரம்பித்தவர்கள் யாரும் இப்போது இல்லை, பாத்தி இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் 1978 முதல் இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இருபத்தொரு வருடக் கணக்கை 2002-இல் வெளியிட்டார்கள். இயற்கைப் பாத்தியில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு. ஆனால் உரச்சத்து இட்டது 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு, பூச்சிமருந்து 97 சதவீதம் குறைவு, மண்புழு அதிகம். நம் ஊர்க் கூட்டங்களில் ஒரு மேடையில் அந்த 20-ஐச் சொல்ல மாட்டார்கள், எதிர் மேடையில் அந்த 97-ஐச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மேடைக்கும் நாற்காலி தூக்கிப் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் வந்த ஒரு கட்டுரை, பயிரையும் நிலத்தையும் பொறுத்து இந்த இழப்பு 5 முதல் 34 சதவீதம் வரை போகும் என்றது. பயறு வகைக்கு ஒரு கணக்கு, கோதுமைக்கு வேறு கணக்கு.

வரப்போர விவகாரம் உலகச் சண்டையாகவும் ஆனது. மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் 1980-களில் கண்டுபிடித்த ஒற்றை நாற்று நடவு, நம் ஊரில் திருந்திய நெல் சாகுபடி என்று வந்தது. இளநாற்று, அகல இடைவெளி, தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுவது, களைக்குக் கோனோ வீடர் உருட்டுவது. ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும் என்றபோது எங்கள் பண்ணையிலேயே சிரித்தார்கள். நல்ல முறைதான், விதையும் தண்ணீரும் மிச்சம், நானே செய்திருக்கிறேன். ஆனால் சில இடத்திலிருந்து நம்ப முடியாத விளைச்சல் கணக்குகள் வந்தபோது, பயிருக்கு அவ்வளவு வெயில் கிடையாதே, அளந்ததில்தான் பிழை இருக்கும் என்று 2004-இல் சில விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள். சார் அதைச் சொன்னபோது எனக்கு முதுகில் சுருக்கென்றது. உலகத்தில் எங்கெங்கே எத்தனை குச்சி நாலடி தள்ளி நிற்கிறதோ!

இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வாரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, 1969-இல் விட்டுவிட்டு வெளியே வந்தவர்தான். மானாவாரிக்காரன் கையில் காசில்லாதபோது அவனுக்கு ஆகாத செலவை ஆராய்ந்து என்ன பயன் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்காகத் தராசையே தூக்கி எறிய வேண்டும் என்று ஆகிவிடாது. இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஒரு போகம் போயிற்று, தேயிலை போயிற்று. சான்றிதழ் கொடுக்கிறவர்களே ஒருபோகப் பயிருக்கு மண் மாற இரண்டு வருடம் வேண்டும் என்கிறார்கள். இருபத்தொரு வருடம் பொறுத்து எழுதிய முடிவை வரப்பில் நின்று வாசித்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது எனக்கு ஒரு ஏக்கர். ஒன்பது வருடமாக மூட்டை உரம் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். போன தை மாதம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு பெண் வந்தாள். வரப்பிலிருந்து பார்த்துவிட்டு, "தாத்தா, சூப்பரா இருக்கு" என்றாள். "உள்ள இறங்கும்மா" என்றேன். சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள், நல்ல பிள்ளை. எண்ணைச் செல்போன் கொடுத்தது. வடமேற்கு மூலையிலிருந்து இரண்டு பேரும் எண்ணி நடந்தோம்.

போய் நின்ற இடத்தில் மார்கழி மழைக்குப் பயிர் சாய்ந்து, கீழே கதிர் முளைவிட்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருடப் பாடு என்று நான் வழியில் சொல்லிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெதுவாக, "கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா தாத்தா?" என்றாள்.

குச்சியை அந்த இடத்திலேயே ஊன்றி, குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தினேன். "கயித்தோட அந்த முனையைப் பிடி" என்றேன்.